உருகும் வேகம்

மாட்டுப் பொங்கலன்று வந்தான் அஞ்சப்பன்,
துணிக்கடைப் பையில் நோட்டுக்கட்டு.
"படகு போயிடுச்சு அண்ணி.
உங்க பங்கு ஒரு லட்சத்து அஞ்சாயிரம்.
முன்ன குடுத்ததையும் சேத்துக்கங்க,
லட்சத்து முப்பத்தெட்டு.
போட்டது ஒண்ணு.
முப்பத்தெட்டு பர்சன்ட்!"
தேவனாம்பட்டினம் கரையில்
நாலைந்து பேரிடமாவது
இதைச் சொல்லிவிட்டுத்தான் வந்திருப்பான்.
வாய்க்கு அந்த எண் பழகியிருந்தது.

காபி கொடுத்து அனுப்பினேன்.

முதுநகர் ஐஸ் ஆலையில் பில் போடுகிறவள் நான்.
ஐம்பது கிலோ என்று எழுதிக் கிழித்துத் தருவேன்.
துறைமுகத்தில் இறங்கும்போது நாற்பத்தாறு இருக்கும்.
யாரும் திருடவில்லை,
ரயில்வே கேட்டில் நின்ற நேரம்
தின்றுவிட்டது.

வரப்போகிற பணமும் அப்படித்தான்.
இன்றைக்கு இழுத்து வந்தால் வழியெல்லாம் சொட்டும்.
ஒரு வருஷத் தொலைவில் இருப்பது கொஞ்சம்,
நாலு வருஷத் தொலைவில் இருப்பது நிறைய.
வந்து சேர்ந்ததெல்லாம் கூட்டி
நான் போட்ட லட்சத்துக்குச் சரியாக நிற்க வேண்டும்;
எந்த வேகத்தில் உருகினால் நிற்கும்?
அந்த வேகம்தான் என் லாப விகிதம்.
அதற்கு நேர்வழி கிடையாது,
ஒரு எண்ணை வைத்துப் பார்க்க வேண்டும்,
தப்பினால் இன்னொன்று.

ராத்திரி, பழைய பில் ஒன்றின் முதுகில்
தேதியோடு எழுதினேன்.
முதல் தை: போட்டது லட்சம்.
இரண்டாம் தை: வந்தது பதினெட்டாயிரம்.
மூன்றாம் தை...

இதை அவன் மறந்துவிட்டான்.
தானே அடித்துப் பதினைந்து நாள் ஆகியிருந்தது.
கரண்ட் இல்லை, ஆலையில் ஐஸும் இல்லை.
பண்ருட்டிப் பக்கம் பலாமரங்கள் வேரோடு கிடந்தன,
எங்கள் படகு மணலில் வாய் பிளந்து கிடந்தது.
சீட்டைத் தள்ளி எடுத்து
இருபத்திரண்டாயிரம் கொடுத்தேன்.
அதற்கு ஒரு கழித்தல் குறி.

நாலாம் தை: பதினைந்தாயிரம்.
ஐந்தாம் தை: இந்தப் பை.

பத்து சதவீதம் வைத்தேன்.
எண்பத்தோராயிரத்துச் சொச்சம்தான் வந்து சேர்ந்தது.
ரொம்ப வேகமாக உருக்கிவிட்டேன்.
இரண்டு வைத்தேன்.
லட்சத்து ஏழாயிரத்து அறுநூறைத் தாண்டியது.
மூன்றிலும் கொஞ்சம் மிச்சம் நின்றது.
நாலு.
லட்சத்து ஐம்பத்தேழு ரூபாய்.
கால்குலேட்டரைத் துடைத்துவிட்டு
மறுபடி போட்டேன். அதே ஐம்பத்தேழு.

மஞ்சக்குப்பம் தபாலாபீஸ் சேமிப்புக் கணக்கும்
அதே நாலுதான் தருகிறது,
புயலுக்குப் பயப்படாமல்.

படுத்தேன். தூக்கம் வரவில்லை.
வாரம் ஒரு கூறு மீன் வருமே வீட்டுக்கு,
அதை எங்கே எழுதினேன்?
எழுந்து விளக்கைப் போட்டேன்.
கூட்டிக் குறைத்து வருஷத்துக்கு மூவாயிரம்.
நாலு தையிலும் சேர்த்தேன்.
விகிதம் ஏழுக்கு ஏறி உட்கார்ந்தது.
மூன்று சதவீதம்
எங்கள் குழம்புச் சட்டியில் கொதித்திருக்கிறது.

ஆனால் மூவாயிரம் என்பது ஏலக்கூடத்து விலை.
கைக்காசு போட்டு வாங்குவதென்றால்
வஞ்சிரத்தை விசாரிப்பதோடு சரி,
காரப்பொடிதான் வாங்கியிருப்பேன்.
அப்படியானால் ஏழு இல்லை.
சின்னவன் வஞ்சிரத் துண்டின் நடுமுள்ளை உருவி
தட்டோரம் வைத்துவிட்டுச் சிரிப்பானே,
அப்படியானால் நாலும் இல்லை.
இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ
பென்சிலால் ஒரு புள்ளி வைத்தேன்.

ஆடியில் அஞ்சப்பன் மறுபடி வந்தான்.
புதுப் படகு, புது இஞ்சின்,
"பதினெட்டு பர்சன்ட் நிச்சயம் அண்ணி."
பில் புத்தகத்தைத் திருப்பி வைத்தேன்.
எவ்வளவு வரும் என்பது இருக்கட்டும்,
எந்த மாசம் வரும் சொல்லு.
எப்போதெல்லாம் என்னிடம் திரும்பக் கேட்பாய்,
அதையும் சொல்லு.

கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தான்.
"மீனும் உண்டு அண்ணி" என்றான்.

வஞ்சிரமா, காரப்பொடியா?
எழுது.